கலைத்துறைப் பிள்ளைகளுக்கும் செய்நிரல் எழுதக் கற்பியுங்கள்: யாழ்ப்பாணத்துப் பாடத்திட்டக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய விரிவுரையாளர்களே, பாடத்திட்டக் குழு உறுப்பினர்களே,

யாழ்ப்பாணத்தில் கலைத்துறையில் படிக்க வரும் பிள்ளைகளுக்குக் கணினிப் பாடம் என்று எதைக் கற்பிப்பது என முடிவெடுக்கிற இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். பல்கலைக்கழகம், கல்வியியற் கல்லூரி, தனியார் பட்டக் கல்வி நிறுவனம் என்று இடம் வேறுபடலாம். கேள்வி ஒன்றுதான்: வேர்ட், எக்ஸெல், பவர்பொயின்ற் மூன்றையும் இயக்கப் பழக்கிவிட்டால் அந்தப் பாடத்தின் வேலை முடிந்துவிடுமா? முடியாது என்பது என் உறுதியான எண்ணம். தமிழ், வரலாறு, புவியியல், சமூகவியல் படிக்கிற பிள்ளைகள் முதலாம் வருடத்திலேயே செய்நிரல், அதாவது கணினிக்கான கட்டளைத் தொகுப்பு, எழுதவேண்டும். அதையும் தங்கள் சொந்தப் பாடப்பொருளைக் கையில் வைத்துக்கொண்டு எழுதவேண்டும். இதைக் கேட்கத்தான் இந்த மடல்.

நான் மென்பொருள் துறையில் வேலை செய்கிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில், கலைப்பட்டம் படிக்கிற பிள்ளைகளுக்கும் படித்து முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிற பிள்ளைகளுக்கும் பைதன் என்ற செய்நிரல் மொழியைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். கீழே எழுதுவதில் பெரும்பகுதி அந்த வகுப்பில் கண்டது.

வருகிற பிள்ளைகள் கணினி தெரியாதவர்கள் அல்லர். சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுத்தவர்கள் இருக்கிறார்கள், உயர்தரத்தில் பொதுத் தகவல் தொழினுட்பப் பரீட்சை எழுதியவர்களும் இருக்கிறார்கள். கணினியின் முதலாம் தலைமுறையில் வெற்றிடக் குழாய், இரண்டாம் தலைமுறையில் திரான்சிஸ்டர் என்று வரிசையாகச் சொல்வார்கள். உள்ளீட்டுச் சாதனம் எது, வெளியீட்டுச் சாதனம் எது என்பதும் பாடம். ஆனால் 'உங்களுடைய பாடத்தில் எதையாவது கணினியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதுண்டா?' என்று கேட்டால் பேசாமல் இருப்பார்கள். ஒப்படைகளைத் தட்டெழுதவும் படம் போட்டு முன்வைக்கவும் மட்டும் உதவுகிற ஒன்றாகத்தான் கணினி அவர்களுக்கு அறிமுகமாகியிருக்கிறது. அந்தப் பிள்ளைகளிடம் குறையில்லை. அவர்களுக்கு இதுவரை கொடுக்கப்பட்டது அவ்வளவுதான்.

அதனால் நான் வகுப்பை வேறிடத்தில் தொடங்குகிறேன். யாழ்ப்பாணம் என்ற சொல்லில் எத்தனை எழுத்து? தமிழ் படித்த எவரும் ஆறு என்பார்: யா, ழ், ப், பா, ண, ம். பைதனிடம் அதே சொல்லைக் கொடுத்து நீளம் கேட்டால் 11 என்கிறது. உடனே வருகிற பதில், 'கணினி பிழையாச் சொல்லுது' என்பதுதான். சரி, எங்கே பிழை என்று தேடிப் பாருங்கள் என்று விட்டுவிட்டால், கொஞ்ச நேரத்தில் யாராவது ஒரு பிள்ளை பிடித்துவிடும். கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கப் பயன்படுத்தும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோட்டில் ய ஒரு குறியீடு, பக்கத்தில் நிற்கிற கால் இன்னொரு குறியீடு. ழ ஒன்று, அதன் மேலிருக்கிற புள்ளி வேறொன்று. இப்படி எண்ணிக்கொண்டு போனால் 11 வரும்.

அடுத்த கேள்வியை நான் கேட்பதில்லை, அவர்களே கேட்கிறார்கள்: ஏன் இப்படி வைத்தார்கள்? தொல்காப்பியத்தில் மெய் தனியாக நிற்கிறது, உயிர் வந்து சேர்ந்து உயிர்மெய் ஆகிறது. யூனிகோட் அகரம் ஏறிய எழுத்தை அடிப்படையாக எடுத்துக்கொண்டு, புள்ளியைப் போட்டு அந்த அகரத்தை நீக்குகிறது. 247 எழுத்துக்கும் 247 இடம் அங்கே இல்லை. 128 இடங்கள் கொண்ட ஒரு கட்டத்துக்குள் உயிர்களும் அகரமேறிய மெய்களும் துணைக்குறிகளும் எண்களும் இருக்கின்றன. இது நல்ல ஏற்பாடுதானா என்பது மொழியியலாளர் விவாதிக்கவேண்டிய விடயம். அந்த விவாதத்தில் கணினி விஞ்ஞானம் படித்த என்னைவிடத் தமிழ் சிறப்புப் பட்டம் படிக்கிற பிள்ளைக்கே கூடுதலாகச் சொல்ல இருக்கிறது. அதுவரை பின்வாங்கில் பேசாமல் இருந்த பிள்ளை பேசத் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

பிறகு, ஆறு என்று சரியாகச் சொல்லும்படி நிரலைத் திருத்துங்கள் என்கிறேன். ஒவ்வொரு குறியீடாக எடு. அது துணைக்குறியோ புள்ளியோ என்றால் எண்ணாதே, மற்றதெல்லாம் எண்ணு. ஒரு சுழற்சி, ஒரு நிபந்தனை, ஒரு பட்டியல், கடைசியில் எல்லாவற்றையும் பொதிந்து வைக்க ஒரு சார்பு. தொடக்கப் பாடத்தில் கற்பிக்க வேண்டிய அடிப்படை முழுவதும் இந்த ஒரு பயிற்சிக்குள் வந்துவிடுகிறது. இதற்குக் கணிதம் தேவைப்படவில்லை.

இங்கிருந்து யாப்புக்குப் போகலாம். குறில், நெடில், ஒற்று தெரிந்த பிள்ளைக்கு நேர், நிரை என்று அசை பிரிக்கும் விதி தெரியும். அந்த விதியை நிரலாக எழுதி 1330 குறளிலும் ஓடவிட்டு, ஈற்றுச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றாக வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நிரல் சில குறள்களில் தடுமாறும். அளபெடை வருகிற இடம், ஆய்தம் வருகிற இடம், குற்றியலுகரம் வருகிற இடம். தடுமாறுகிற ஒவ்வோர் இடமும், விதியை நாம் முழுமையாகச் சொல்லவில்லை என்பதைக் காட்டும். யாப்பிலக்கண நூலான யாப்பருங்கலக் காரிகையை உரையோடு படித்த பிள்ளை, அதே விதியைக் கணினிக்குச் சொல்லப் போகும்போது அதை இன்னொரு முறை ஆழமாகப் படிக்கிறது. இலக்கணம் படிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல துணைப் பயிற்சியை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அகரவரிசையையும் எடுத்துக்கொள்ளுங்கள். மயில், மரம், மலை, மழை, மனம் என்பது நம்முடைய அகராதி ஒழுங்கு. இந்த ஐந்தையும் பைதனிடம் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னால் மனம் முதலில் வந்து நிற்கும். யூனிகோட்டில் ன என்ற எழுத்து ந என்ற எழுத்துக்கு அடுத்த இடத்தில் இருக்கிறது என்பதே காரணம். நூலகவியல் படிக்கிற பிள்ளைக்கு இது விளையாட்டல்ல. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்கள் இருந்தன. அவ்வளவு பெயர்களையும் ஒழுங்காக வரிசைப்படுத்தி வைத்தால், பட்டியலைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடுகிற முறையில் 17 ஒப்பீட்டுக்குள் எந்த நூலையும் கண்டுபிடித்துவிடலாம். வரிசை இல்லாவிட்டால் 97,000 வரை ஒப்பிட வேண்டிவரும். ஓர் அல்கோரிதம், அதாவது ஒரு வேலையைப் படிப்படியாகச் செய்யும் வழிமுறை, ஏன் இன்னொன்றைவிட நல்லது என்ற பாடத்தை இந்த நகரத்துப் பிள்ளைகளுக்கு இந்த எண்ணை வைத்தே சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன்.

பாமினியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போகமுடியாது. எங்கள் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் பாடசாலைகளிலும் பல வருடங்களாகப் பாமினி எழுத்துருவில்தான் தட்டெழுதினார்கள். இன்றைக்கும் அது முற்றாகப் போய்விடவில்லை. திரையில் தமிழாகத் தெரிகிறது, உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும். எழுத்துருவை எடுத்துவிட்டால் ஒன்றும் புரியாது, தேடினால் ஒன்றும் அகப்படாது. கோவில் கும்பாபிசேக மலர்கள், பாடசாலை ஆண்டு மலர்கள், அந்தியேட்டிக்கு அடிக்கிற நினைவு மலர்கள் என்று எத்தனையோ கோப்புகள் இப்படிக் கிடக்கின்றன. ஒரு குடும்பத்தின் வமிசாவழி, ஒரு கிராமத்தின் குறிச்சிப் பெயர்கள், யார் எந்த வருடம் மலாயாவுக்குப் போனார் என்ற விபரம் எல்லாம் அவற்றுக்குள் இருக்கும். இணையத்தில் மாற்றிகள் கிடைக்கின்றன, உண்மைதான். ஆனால் அந்த மாற்றியைப் பிள்ளையே எழுதட்டும். ஓர் அட்டவணையை வைத்துக்கொண்டு ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடுவது என்று எளிதாகத்தான் தொடங்கும். பிறகுதான் சிக்கல் வரும். பாமினியில் ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னால் தட்டப்படுகிறது, யூனிகோட்டில் மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படுகிறது. கொக்குவில் என்று எழுதவேண்டுமென்றால் முன்னால் கொம்பு, நடுவில் க, பின்னால் கால் என்ற மூன்றையும் பிடித்து, கவுக்குப் பின்னால் ஒரே துணைக்குறியாக வைக்கவேண்டும். எதை முதலில் மாற்றுவது, எதைப் பிறகு மாற்றுவது என்ற ஒழுங்கு பிழைத்தால் எல்லாம் பிழைத்துவிடும். நான்கு வரியில் தொடங்கிய நிரல் ஐம்பது வரியாகி, திருத்தித் திருத்திக் கடைசியில் தன் பாட்டியின் நினைவு மலரைச் சரியாக மாற்றித் தந்ததும் ஒரு பிள்ளை அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டியது. வேர்ட் பயிற்சிப் புத்தகத்தில் அப்படிக் கொண்டுபோய்க் காட்ட ஒன்றும் இல்லை.

வரலாறு, சமூகவியல், புவியியல் பிள்ளைகளுக்குக் குடிசன மதிப்பீடு இருக்கிறது. யாழ்ப்பாண மாவட்டத்தின் 1981 எண்ணையும் 2012 எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வரைபு போடுவது சில வரி வேலை. ஆனால் 2001ஆம் ஆண்டு நிரை எங்கே? அந்த மதிப்பீடு வடக்கில் முழுமையாக நடக்கவில்லை. 1981இன் யாழ்ப்பாண மாவட்டமும் 2012இன் யாழ்ப்பாண மாவட்டமும் ஒரே நிலப்பரப்பா? இல்லை, 1984இல் கிளிநொச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தது. கணினி இரண்டு எண்ணையும் வாங்கி எந்தத் தயக்கமும் இல்லாமல் கோடு கீறித் தந்துவிடும். அந்தக் கோடு எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்று கேட்க வரலாறு தெரிந்தவர் வேண்டும். தரவை வைத்து முடிவெடுக்கிற அலுவலகங்களில், நிரலும் தெரிந்து இந்தக் கேள்வியும் கேட்கத் தெரிந்த ஒருவர் இருக்கவேண்டாமா? அப்படி ஒருவரை உருவாக்கக்கூடியது கலைத்துறைதான்.

இது அமெரிக்கப் பணக்காரக் கல்லூரிகளுக்குப் பொருந்துகிற கதை, நமக்குச் சரிவராது என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தக் கதையில் யாழ்ப்பாணத்துக்கும் பங்கிருக்கிறது. 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிசனரிமார் ஆரம்பித்த செமினரியில் தமிழ், ஆங்கிலம், கணிதம், வானியல் எல்லாம் ஒரே மாணவருக்குக் கற்பிக்கப்பட்டன. இலக்கணமும் கிரகணக் கணிப்பும் ஒருவரே படிக்கக்கூடியவை என்பது அங்கே எழுதப்படாத விதி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளில் ஒருவரும், பிறகு தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் பதிப்பித்தவருமான சி. வை. தாமோதரம்பிள்ளை அந்தச் செமினரியில் படித்தவர். அதன் முதல் அதிபர் டானியல் பூவர், அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் படித்து வந்தவர்.

அதே டார்ட்மத் கல்லூரியில் 1964ஆம் ஆண்டு மே மாதம் முதலாம் திகதி பேசிக் என்ற செய்நிரல் மொழி முதன்முதலாக ஓடியது. ஜோன் கெமனி, தோமஸ் கேர்ட்ஸ் என்ற இரண்டு கணிதப் பேராசிரியர்கள் அதைச் செய்தார்கள். விஞ்ஞானம் படிக்காத மாணவர்களை மனத்தில் வைத்துத்தான் செய்தார்கள். தங்கள் கல்லூரியில் பெரும்பாலானவர்கள் இலக்கியமும் சமூக விஞ்ஞானமும் படிக்கிறவர்கள், நாளைக்கு முடிவெடுக்கிற இடங்களில் இருக்கப் போகிறவர்களும் அவர்கள்தான், அவர்களுக்குக் கணினி தெரியாமல் இருக்கக்கூடாது என்பது அவர்களின் வாதம். நூலகத்தின் தட்டுகள் எல்லா மாணவருக்கும் திறந்திருப்பதுபோலக் கணினியும் திறந்திருக்கவேண்டும் என்றார் கெமனி. அறுபது வருடங்களுக்கு முந்திய வாதம் அது. இன்றைக்கு அதன் வலு கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

அமெரிக்காவின் ஜோர்ஜியா தொழினுட்ப நிறுவனத்தின் அனுபவத்தையும் பாருங்கள். அங்கே 1999இல் எல்லா மாணவருக்கும் கணினிப் பாடம் கட்டாயமாக்கப்பட்டது. எல்லாருக்கும் ஒரே பாடம் என்று வைத்தபோது, கலையும் வணிகமும் கட்டடக்கலையும் படிக்கிற மாணவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் சித்தியடையாமலோ இடையில் விட்டுவிட்டோ போனார்கள். 2003இல் மார்க் குஸ்டியல் என்ற பேராசிரியர் அவர்களுக்கென்று வேறொரு பாடத்தை அமைத்தார். அதிலும் சுழற்சி, நிபந்தனை, சார்பு எல்லாம் இருந்தன. ஆனால் எண்களுக்குப் பதிலாகப் படங்களையும் ஒலியையும் வைத்துப் பயிற்சிகள் வந்தன. பத்தில் எட்டுப் பேருக்கு மேல் சித்தியடைந்தார்கள். ஆகவே முதற்பாடத்தில் இதுவரை பயன்படுத்தி வந்த உதாரணங்களைத்தான் நாம் மாற்றவேண்டும். பாடத்தின் தரத்தில் கைவைக்கத் தேவையில்லை. விஞ்ஞான பீடத்துப் பாடத்தைப் பாதியாக வெட்டிக் கலைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதும் இதனால்தான் சரிவராது. பகா எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லி ஆரம்பித்தால், உயர்தரத்தில் கணிதம் எடுக்காத பிள்ளை இது தனக்குரியதல்ல என்று அன்றைக்கே முடிவெடுத்துவிடும்.

அமெரிக்காவின் ஹார்வி மட் கல்லூரி 2006ஆம் ஆண்டளவில் செய்த ஒரு காரியத்தை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே செய்நிரல் தெரிந்தவர்களையும் புதிதாகத் தொடங்குகிறவர்களையும் இரண்டு வகுப்பாகப் பிரித்தார்கள். தெரிந்தவர்கள் முன்வரிசையில் இருந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தால், மற்றவர்கள் தங்களுக்கு மட்டும்தான் விளங்கவில்லை என்று நினைத்து ஒதுங்கிவிடுவார்கள் என்பதே காரணம். பிரித்ததோடு பைதனுக்கு மாறி, பயிற்சிகளையும் பலதுறை சார்ந்தவையாக ஆக்கினார்கள். கணினி விஞ்ஞானத்தைச் சிறப்புப் பாடமாகத் தெரிவு செய்தவர்களில் பத்து வீதமளவில் இருந்த பெண்கள் சில வருடங்களில் நாற்பது வீதமளவுக்கு உயர்ந்தார்கள். நம்முடைய கலை வகுப்புகளில் பெண்பிள்ளைகள்தான் பெரும்பான்மை. நகரப் பாடசாலையில் படித்து வீட்டில் லப்டொப் வைத்திருக்கிற பிள்ளையும், நெடுந்தீவிலிருந்தும் வன்னியிலிருந்தும் வருகிற பிள்ளையும் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். இந்தப் பிரிவினை நமக்கு அவர்களைவிட அவசியம்.

தமிழில் கற்பிக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு மானிப்பாயைக் காட்டுகிறேன். 1847இல் இங்கே வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மேலைநாட்டு மருத்துவ நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்து, 1860களில் தமிழிலேயே வைத்தியர்களைப் பயிற்றுவித்தார். உடற்கூற்றையும் சத்திரசிகிச்சையையும் தாங்கிய மொழிக்கு ஒரு சுழற்சியும் நிபந்தனையும் பாரமில்லை. பைதனில் ஒதுக்கப்பட்ட ஆங்கிலச் சொற்கள் மொத்தம் 35. முதற்பாடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு போதும். மாறிகளுக்கும் சார்புகளுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம், பைதன் மறுக்காது. எங்கள் பிள்ளைகள் 'எழுத்தெண்ணு' என்று சார்புக்குப் பெயர் வைத்து எழுதுகிறார்கள். ஆங்கில ஆவணங்களை வாசிக்கப் பழகவேண்டியதுதான், அதில் மறுப்பில்லை. ஆனால் இரண்டு பயத்தையும் ஒரே நாளில் ஒரே பிள்ளையின் தலையில் ஏற்றத் தேவையில்லை.

ஆய்வுகூட வசதி போதாது என்பது உண்மையான பிரச்சினை. ஆனாலும் இந்தப் பயிற்சிகளுக்குப் பழைய கணினி போதும். கைத்தொலைபேசியின் உலாவியில்கூடப் பைதனை ஓடவிடலாம். இரண்டு பேருக்கு ஒரு கணினி என்று வைத்தால், ஒருவர் தட்ட மற்றவர் பக்கத்தில் இருந்து பிழை பார்ப்பார், அது கற்றலுக்கு நல்லதுமாகும். எனக்குக் கூடுதலாகக் கவலை தருவது கற்பிப்போர் பற்றிய கேள்வி. கணினித் துறை விரிவுரையாளரிடம் மட்டும் கொடுத்தால் யாப்பு வராது, தமிழ்த் துறையிடம் மட்டும் கொடுத்தால் நிரல் வராது. இருவரும் ஒரே வகுப்பில் சேர்ந்து நிற்கவேண்டும். இதற்கு நேரசூசியிலும் கற்பித்தல் மணித்தியாலக் கணக்கிலும் இடம் வைக்க வேண்டியவர்கள் நீங்கள்தான். இது கையெழுத்தோடு முடிகிற காரியமல்ல, துறைகளுக்கிடையில் பலமுறை பேசித்தான் ஆகவேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தருகிற காலத்தில் எதற்கு இது என்ற கேள்வி இப்போது எல்லா இடத்திலும் கேட்கிறது. ஈற்றுச் சீர் பார்க்கிற நிரலைச் சட் ஜிபிடி ஒரு நிமிடத்தில் எழுதித் தரும். அது குற்றியலுகரத்தைச் சரியாகக் கையாண்டிருக்கிறதா என்று பார்க்க இலக்கணமும் தெரியவேண்டும், அந்த நிரலை வாசிக்கவும் தெரியவேண்டும். வாசிக்கத் தெரியாதவர் வந்ததை நம்புவதைத் தவிர வேறொன்றும் செய்யமுடியாது. நம் மொழி பற்றியும் நம் வரலாறு பற்றியும் இயந்திரம் சொல்வதை அப்படியே நம்புகிற ஒரு தலைமுறையை நாம் உருவாக்கக்கூடாது. அதனால் பரீட்சையையும் மாற்றுங்கள். கணினித் தலைமுறைகளைப் பட்டியலிடச் சொல்லும் வினாத்தாளுக்குப் பதிலாக, ஒவ்வொரு பிள்ளையும் தான் செய்த நிரலைக் கொண்டுவந்து வைத்துப் பத்து நிமிடம் விளக்கட்டும். 'இந்த வரியை எடுத்துவிட்டால் என்ன நடக்கும்?' என்று கேளுங்கள். எழுதியது யார் என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் மாற்றும்படி நான் கேட்கவில்லை. அடுத்த பாடத்திட்ட மீளாய்வு வரும்போது, ஒரு அரையாண்டுக்கு ஒரேயொரு வகுப்பைப் பரீட்சார்த்தமாக நடத்த அனுமதியுங்கள். செய்நிரல் அறவே தெரியாத முதலாம் வருடக் கலை மாணவர்கள், இரண்டு துறைகளிலிருந்தும் ஒவ்வொரு விரிவுரையாளர், வாரத்துக்கு ஒரு விரிவுரையும் ஒரு செயன்முறை வகுப்பும். பாமினிக் கோப்புகளைச் சனசமூக நிலையங்களிலிருந்தும் அச்சகங்களிலிருந்தும் திரட்டலாம். 2005 முதல் ஈழத்து நூல்களை மின்வடிவில் திரட்டிவரும் 'நூலகம்' என்ற இணையத்தளத்திலும் வாசிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. நாங்கள் வகுப்பில் பயன்படுத்துகிற பயிற்சிகளையும் விடைகளையும் பிள்ளைகள் வழக்கமாகத் தடுமாறும் இடங்களின் குறிப்புகளையும் கேட்கிற எவருக்கும் கட்டணமின்றித் தருகிறேன். செயன்முறை வகுப்புகளில் உதவிக்கு நிற்க என்னுடன் வேலை செய்கிற சிலரும் ஆயத்தமாக இருக்கிறார்கள். உங்கள் குழு எப்போது கூடுகிறது என்று அறிவித்தால் நேரில் வந்து செய்து காட்டுகிறோம்.

இங்ஙனம்,
மென்பொருள் துறையில் பணிபுரியும் ஒருவர்
கோண்டாவில், யாழ்ப்பாணம்